கொழும்பு வீட்டில் மிளகாய் வளர்ப்பது: பச்சை மிளகாய், கறிமிளகாய், கொச்சி, நை மிரிஸ்

மிளகாய்க் கன்று வாடி நிற்பதைப் பார்த்தவுடன் நாங்கள் செய்கிற முதல் வேலை தண்ணீர் ஊற்றுவது. கொழும்பில் பல வீடுகளில் கன்று சாவதும் அதனால்தான்.

நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கையில், வீட்டு மேல்தட்டில் சாடிகளில் மிளகாய் வைக்கிறேன். தொடங்கின காலத்தில் யாழ்ப்பாணத்தில் அம்மா எப்படிச் செய்தாரோ அப்படியே செய்தேன்: காலையும் பின்னேரமும் தண்ணீர், கை நிறைய மாட்டெரு, அவ்வளவுதான். அங்கே அது சரி, செம்மண்ணில் இறைத்த தண்ணீர் மத்தியானத்துக்குள் போய்விடும். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது, யாழ்ப்பாணத்தில் அதில் பாதியளவுதான். மழை பெய்யாத நாளிலும் காற்றிலே ஈரம் இருக்கும். ஒரு ஒக்டோபரில் காய்க்கத் தொடங்கியிருந்த ஒன்பது கன்றுகள் ஒரே கிழமையில் போய்விட்டன. அதற்குப் பிறகுதான் இந்த ஊருக்கு ஏற்ற மாதிரி எல்லாவற்றையும் மாற்றினேன். கீழே எழுதுவது அப்படி மாற்றியதில் பலன் கொடுத்தவை.

எந்த மிளகாய்?

நான்கு வகையை வையுங்கள். பச்சை மிளகாய், உறைப்புக் குறைந்த பெரிய கறிமிளகாய், வானம் பார்த்துக் காய்க்கும் சின்னக் கொச்சி, சுருங்கிய தோலும் வாசமும் உள்ள நை மிரிஸ். நான்கும் சமையலில் வெவ்வேறு வேலை செய்கின்றன, நான்கும் இங்கே வளரும்.

பச்சை மிளகாயில் எம்.ஐ. 2, கே.ஏ. 2 இரண்டும் நம்மூரில் தெரிவு செய்த வகைகள். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலிருந்து வந்தது. பச்சையாகவும் பறிக்கலாம், பழுக்க விட்டு, காயவைத்துச் செத்தலும் போடலாம். கலப்பின விதை கூடக் காய்க்கும்தான், ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது, ஒவ்வொரு முறையும் புதிதாக வாங்கவேண்டும். நான் வீட்டில் விதை எடுப்பதால் கலப்பினம் வாங்குவதில்லை.

கறிமிளகாயில் சி.ஏ. 8 என்ற வகையும், ஹங்கேரியன் யெலோ வக்ஸ் என்று பக்கெட்டில் போட்டிருக்கும் வெளிர்மஞ்சள் வகையும் எளிதில் கிடைக்கும். கொச்சிக்கு விதை வாங்கவே தேவையில்லை, தெரிந்த வீட்டில் நான்கு பழம் கேட்டாலே போதும். நை மிரிஸும் அப்படித்தான், நல்ல வாசமுள்ள ஒரு பழத்தைச் சந்தையில் பார்த்தால் வாங்கிக் கொள்ளுங்கள்.

குடைமிளகாயை மட்டும் விட்டுவிடுங்கள். அதற்கு இரவில் குளிர் வேண்டும். இரவு வெப்பநிலை 24 பாகைக்கு மேலே நின்றால் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும், கொழும்பில் பல மாதங்களுக்கு இரவும் அந்த அளவிலேயே நிற்கிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கம் கூடாரம் போட்டு வளர்க்கிறார்கள், அங்கே அது நன்றாக வரும். இங்கே இலை மட்டும் அழகாக இருக்கும். நான் இரண்டு தடவை வைத்துப் பார்த்து, ஒரு எலுமிச்சை அளவில் இரண்டு காய் எடுத்தேன்.

எப்போது விதைப்பது

கொழும்பில் மிளகாய்க்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை குறைவு, வெயில் நல்ல வெயில். கன்று பூப்பதும் காய்ப்பதும் அந்த மாதங்களில் விழவேண்டும், கணக்கை அங்கிருந்து பின்னோக்கிப் போடுங்கள். நவம்பர் நடுவில் விதைத்தால் டிசம்பர் கடைசியில் கன்று சாடிக்கு மாற்றும் அளவுக்கு வரும், ஜனவரி கடைசியில் பூ, பெப்ரவரி கடைசியிலிருந்து பச்சை மிளகாய். மே மாத மழை பிடிக்கும்வரை பறித்துக்கொண்டே இருக்கலாம். நவம்பர் மழையில் நாற்று இருப்பதைப் பற்றிப் பயம் வேண்டாம், நாற்று ஒரு தட்டில் அடங்கும், கூரைக்குக் கீழே வைத்துவிடலாம். பெரிய கன்றை அப்படி வைக்க முடியாது.

ஜூன் கடைசியிலும் ஒரு முறை விதைக்கலாம், ஓகஸ்ட் சற்றுக் காய்ந்த மாதம் என்பதால் கன்று பிடித்துவிடும். ஆனால் காய்க்கிற நேரத்தில் ஒக்டோபர் மழை வந்துவிடும். அந்தப் போகத்துக்கு நான் கொச்சியும் நை மிரிஸும் மட்டும் வைக்கிறேன், அவை மழையைக் கொஞ்சம் தாங்கும்.

நை மிரிஸ் விதைக்குத் தனிக் கணக்கு. பச்சை மிளகாய் விதை ஏழிலிருந்து பத்து நாளில் முளைத்துவிடும். நை மிரிஸ் இரண்டு மூன்று கிழமை எடுக்கும், சில விதை ஒரு மாதம்கூட எடுக்கும். முளைக்கவில்லை என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். காய்க்கவும் அதற்கு நாள் கூட என்பதால் மற்றதை விட ஒரு மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

நாற்று

யோகட் கப் போதும். அடியில் சூடான ஆணியால் நான்கைந்து ஓட்டை போடுங்கள். விதையை ஒரு இரவு ஊறவைத்து, தும்புத்தூளும் அரித்த கூட்டெருவும் சம அளவில் கலந்து நிரப்பி, அரை சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு கப்புக்கு இரண்டு விதை. குளிர்நாட்டு வீடியோக்களில் விதைத் தட்டுக்கு அடியில் சூடாக்கும் பாய் போடுவார்கள், நமக்கு அது தேவையே இல்லை, எங்கள் ஊர் வெப்பமே விதைக்குப் பிடித்த வெப்பம்.

முளைத்த பிறகு நாற்றின் கழுத்து திடீரென்று நூல்போல மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். மண் ஈரமாகவே இருந்ததால் வந்தது. சாய்ந்த கப்பை எடுத்து எறிந்துவிட்டு மற்றதைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள், தண்ணீரை மேலே தெளிக்காமல் கப்பின் அடியைத் தட்டில் இருக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். கன்றுக்கு ஆறு இலை வந்ததும், அதாவது நான்கைந்து கிழமையில், சாடிக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு முன் ஒரு கிழமை கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குங்கள். நேரே மேல்தட்டு வெயிலில் கொண்டுபோய் வைத்தால் இலை வெள்ளையாகக் கருகிவிடும்.

சாடியும் மண்ணும்

பச்சை மிளகாய்க்கும் கறிமிளகாய்க்கும் 12 அங்குலச் சாடி, கொச்சிக்கும் நை மிரிஸுக்கும் அதை விடப் பெரியது, ஏனென்றால் அவை வருடக் கணக்கில் நிற்கும். பழைய பெயின்ற் வாளி, உர மூடை எல்லாம் நல்லது. மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் ஒரு பங்கு வீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தும்புத்தூளைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்துக்குப் பருமணல் போடுகிறேன். தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அது பொலன்னறுவை வெயிலுக்கு வரம், கொழும்பு மழைக்கு ஆகாது.

சாடியை நிலத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல்லின்மேல் வையுங்கள், அடியில் இருக்கிற ஓட்டை அடைபடாது. சாடிக்குக் கீழே தட்டு வைக்கவே வேண்டாம். வேருக்குக் கெடுதல் ஒரு பக்கம், அந்தத் தட்டில் தேங்குகிற தண்ணீரில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து குடம்பியைக் கண்டால் வழக்குப் போடுவார், அது நியாயமும்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற விஷயம்.

கத்தரி, தக்காளி வைத்த மண்ணை மிளகாய்க்குப் பாவிக்காதீர்கள். மூன்றும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றுதான்.

வெயில் குறைந்தது ஆறு மணிநேரம் வேண்டும். மாடிவீட்டுப் பல்கணியில் மூன்று மணிநேர வெயில்தான் வருகிறது என்றால் கொச்சியை மட்டும் வையுங்கள், அது அரைநிழலிலும் ஏதோ காய்க்கும். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பைக் கொண்டுவந்து இலையில் பூசும், இலை ஓரம் காய்ந்து பழுப்பாகும். அந்த மாதங்களில் சாடிகளைச் சுவரின் மறைவுக்கு நகர்த்திவிட்டு, காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள். காலையில்தான், பின்னேரம் கழுவினால் இரவு முழுக்க இலை ஈரமாக நிற்கும்.

தண்ணீர், பசளை

விரலை இரண்டாவது மடிப்பு வரை மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் இன்றைக்குத் தண்ணீர் இல்லை. அவ்வளவுதான் விதி. மத்தியானம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் பதற வேண்டாம், வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், பின்னேரம் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கிக்கொண்டு நின்றால்தான் பிரச்சினை.

மாட்டெருவையும் யூரியாவையும் அள்ளிப் போட்டால் கன்று கருகருவென்று இலைவிடும், காய்க்காது. மாதத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி கூட்டெரு போதும், பூக்கத் தொடங்கியதும் அதோடு ஒரு மேசைக்கரண்டி விறகுச் சாம்பல். கறிமிளகாய்க்கு முதல் கவர் பிரிகிற இடத்தில் வரும் முதல் பூவைக் கிள்ளிவிடுங்கள், மனம் வராது, ஆனாலும் கிள்ளுங்கள், கன்று முதலில் உடம்பு வைக்கட்டும். பூத்த காலத்தில் காலையில் தண்டை விரலால் இலேசாகத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிப்பது கூடும். மிளகாய்ப் பூ தன்னிலேயே கருக்கொள்ளும், தேனீ வராத மேல்தட்டிலும் காய்க்கும்.

சுருண்ட இலை

எல்லோரும் கேட்பது இதைத்தான். இலை சுருண்டால் எல்லாம் ஒரே நோய் என்று நினைக்காதீர்கள். இலையின் ஓரம் மேலே படகுபோல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, இலைக்காம்பு நீண்டு, கொழுந்து சிறுத்துப் போனால் சிற்றுண்ணி. இலை சிறுத்து மஞ்சளோடி, கன்றே குட்டையாகிப் பூவும் நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொழுந்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளை அசைக்காமல் கொஞ்சம் பாருங்கள். முதலில் தூசி மாதிரித்தான் தெரியும். பிறகு அந்தத் தூசியில் நாலைந்து, ஒரு மில்லிமீற்றர் நீளம்தான் இருக்கும், வைக்கோல் நிறத்தில், நகரத் தொடங்கும். அதுதான் இலைப்பேன். சிற்றுண்ணி கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வேண்டும்.

இரண்டுக்கும் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இலையின் அடிப்பக்கத்தைக் காலையில் வேகமான தண்ணீரால் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை. கழுவியும் நிற்கவில்லை என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் ஐந்தாறு துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். கிழமைக்கு ஒன்று, நான்கு கிழமைக்கு. வெயிலில் தெளித்தால் இலை பொரிந்துவிடும். சுருண்ட பழைய இலை நிமிராது, புதிதாக வருகிற கொழுந்து நேராக வருகிறதா என்று பாருங்கள். வைரஸுக்கு மருந்து இல்லை. அந்தக் கன்றைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றக் கன்றுகள் பிழைக்கும். சந்தேகம் என்றால் 1920க்கு அழையுங்கள், விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் அது.

ஒரே நாளில் வாடினால்

என் ஒன்பது கன்றும் போனது இதில்தான். நேற்றுப் பச்சையாக நின்ற கன்று இன்று காலை கொதிநீர் ஊற்றியதுபோலத் தொங்கும், இலை மஞ்சள்கூட ஆகாது. மண்ணில் ஈரம் இருக்கும். தண்டை அடியில் வெட்டி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள், நுனி மட்டும் தண்ணீரில் படட்டும். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்நிறத்தில் மெல்லிய இழை ஒன்று நேரே கீழே இறங்கினால் அது பற்றீரியா வாடல். தண்ணீரில் தேங்காய்ப்பால் ஒரு சொட்டு விட்டதுபோல இருக்கும், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அதற்கும் மருந்து இல்லை. கன்று, மண், இரண்டையும் எறிந்துவிட்டு சாடியைக் கழுவி நல்ல வெயிலில் காயவிடுங்கள். வெட்டிய கத்தரிக்கோலையும் கழுவுங்கள். ஈரமும் சூடும் சேர்ந்த மண்ணில்தான் அது பெருகும், அதனால்தான் பருமணல், செங்கல் என்று இவ்வளவு சொல்கிறேன். இழை ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் வேர் மூச்சடைத்து அழுகியிருக்கும், காரணம் அதே தண்ணீர்.

பறிப்பது

மிளகாய்க் கிளை முறுகல், இழுத்தால் கவரோடு வந்துவிடும். கத்தரிக்கோலால் காம்போடு வெட்டுங்கள். காம்பு இருந்தால் காயும் கூட நாள் கெடாது.

பச்சை மிளகாய் பூத்து ஒரு மாதமளவில் தயார். தோல் இறுகி மினுங்க, நிறம் கொஞ்சம் கருமையாக ஓடும், அழுத்தினால் அமுங்காது. மெதுமெதுவென்று இருந்தால் இன்னும் பிஞ்சு, உறைப்பும் ஏறியிருக்காது. கிழமைக்கு ஒருமுறை பறியுங்கள், சமைக்கத் தேவையில்லாவிட்டாலும் பறியுங்கள். பழுத்த காய் கன்றில் நின்றால் புதுப் பூ குறைந்துவிடும். செத்தலுக்கும் விதைக்கும் என்று ஒரு கன்றை மட்டும் பழுக்க விடுங்கள்.

கறிமிளகாயை வெளிர்பச்சையாக இருக்கும்போதே, நாலைந்து அங்குலத்தில் எடுக்கவேண்டும். நிறம் மாறத் தொடங்கினால் தோல் தடித்து இனிப்பு ஏறிவிடும், மாசிக்கருவாடு அடைத்துப் பொரிப்பதற்கோ பால்கறிக்கோ அந்தப் பதம் சரிவராது.

கொச்சி வானத்தைப் பார்த்துக் காய்க்கும். சிவந்த பிறகு பறித்தால் உறைப்போடு ஒரு மணமும் இருக்கும், பச்சையில் உறைப்பு மட்டும்தான். ஆனால் சிவந்தால் குருவிகள் உங்களுக்கு முன்னால் வந்துவிடும். பறவைகளுக்கு மிளகாயின் உறைப்பு உறைக்காது. செம்மஞ்சள் ஆனதும் பறித்து ஒரு தட்டில் விட்டால் குசினியிலேயே சிவக்கும். இந்தக் கன்று மூன்று நான்கு வருடம் நிற்கும், மே மழைக்கு முன் பாதியளவுக்கு வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும்.

நை மிரிஸுக்குப் பொறுமை வேண்டும். சாடிக்கு மாற்றி மூன்று நான்கு மாதம் ஆகும். காய் சுருங்கிய தோலோடு, மெழுகு பூசினதுபோல இருக்கும், பழுக்கத் தொடங்கியதும் பக்கத்தில் போனாலே வாசம் வரும். அந்த வாசத்துக்காகத்தான் இதை வைப்பதே. முழுக்காயாக, கீறாமல், பருப்பு இறக்கப் போகிற நேரத்தில் போட்டு மூடிவிட்டு, பரிமாறும்போது எடுத்துவிடுங்கள். உடைந்தால் சட்டி முழுக்க உறைப்பு.

உறைப்பு விதையில் இருக்கிறது என்பார்கள். உண்மையில் அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது, விதை அதோடு உரசுவதால் உறைக்கிறது. அந்தச் சதையைச் சுரண்டிவிட்டால் கொச்சிகூடக் கொஞ்சம் அடங்கும். கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, உறைப்பைத் தருகிற பொருள் எண்ணெயில்தான் கரையும். முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாய் எரிந்தால் தயிர். நை மிரிஸ் வெட்டினால் கையுறை போடுங்கள், சின்னப் பிள்ளை உள்ள வீடென்றால் கட்டாயம்.

மிஞ்சினது

செத்தல் போடுவது கொழும்பில் பெப்ரவரி, மார்ச்சில் மட்டும்தான் நடக்கும். கன்றிலேயே சிவந்து கொஞ்சம் சுருங்கிய பழத்தைச் சுளகில் பரப்பி, பின்னேரம் நான்கு மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போடவேண்டும், அதுவரை போத்தலில் போடவேண்டாம். உள்ளே பூஞ்சணம் பிடித்த ஒன்றைக் கண்டாலும் அதை வெட்டிப் பாவிக்காமல் எறியுங்கள். மற்ற மாதங்களில் பச்சை மிளகாயைக் காம்போடு கழுவித் துடைத்து பிறீசரில் போடுகிறேன், சமையலுக்கு ஒரு குறையும் இல்லை. கொச்சிக்கு வினாகிரியும் உப்பும், கறிமிளகாய்க்கும் பச்சை மிளகாய்க்கும் மோர்.

விதை எடுக்கும்போது கன்றில் நன்றாகச் சிவந்த, நோயில்லாத பழத்தைத் தெரிவு செய்யுங்கள். பச்சை மிளகாயும் கறிமிளகாயும் ஒரே இனம், பக்கத்தில் பக்கத்தில் நின்றால் மகரந்தம் கலக்கும். இந்த வருடக் காயின் உறைப்பு அதனால் மாறாது, ஆனால் அந்த விதையிலிருந்து வருகிற அடுத்த கன்று உறைக்கிற கறிமிளகாய் காய்க்கலாம். ஒரு கிளைக்குப் பூக்கும் முன்பே மெல்லிய வலைத் துணியைப் பையாகக் கட்டி, காய் பிடித்ததும் அவிழ்த்து, அந்தக் காயில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அந்த விதையை நிழலில் ஒரு கிழமை காயவைத்து, கடிதவுறையில் வகையும் மாதமும் எழுதி, மூடி இறுகிய போத்தலில் போட்டு, நவம்பர் நடுப்பகுதி வரை அலுமாரியின் இருட்டில் வைத்துவிடுங்கள்.